பழைய பொம்மையும் புதிய விலையும்: மறுவிற்பனையில் எது நியாயம்?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் முதலிய பகுதிகளில் பணியாற்றும் வங்கி அலுவலர்களிடம் வாடிக்கையாளர்கள் கணக்கு வழக்குகளைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. நிலப்பத்திரம், மகளின் படிப்பு, பக்கத்து வீட்டுத் தகராறு என எல்லாவற்றிற்கும் நம்மிடம் கருத்துக் கேட்பதுண்டு. சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்வி, இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அவர் வீட்டு மச்சில் ஓர் அட்டைப்பெட்டி பல ஆண்டுகளாக இருந்தது. இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், 1990களில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது சேர்த்து வைத்த பொம்மைச் சிப்பாய்கள் அதில் இருந்தன. பழைய பொருள் வாங்க வந்த ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஐந்நூறு ரூபாய் கொடுத்து எடுத்துச் சென்றார். இடம் காலியாயிற்று என்று ஆசிரியையும் மகிழ்ந்தார். சில வாரங்கள் கழித்து மகன் தொலைபேசியில் பேசும்போதுதான் விவரம் தெரிந்தது. அந்தச் சிப்பாய்களில் ஒன்றுக்கு மட்டுமே சேகரிப்பாளர்கள் சில ஆயிரம் ரூபாய் தருகிறார்களாம்.

"இது ஏமாற்று ஆகாதா? பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா?" என்று அவர் கேட்டார். நம் கிளையில் அனைவரும் அவரை 'டீச்சர்' என்றே அழைப்போம். டீச்சர் கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் விடை கூற இயலவில்லை.

இதே காலத்தில், இடுக்கி மாவட்டத்தில் குமுளி எல்லையை ஒட்டிய பகுதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வேறொரு கேள்வியோடு வந்தார். உற்பத்தி நிற்கப்போகும் பொம்மைகளை மொத்தமாக வாங்கி, உறை பிரிக்காமல் வைத்திருந்து, விலை ஏறியபின் விற்க விரும்பினார். அதற்காகத் தாயாரின் நகைகளை அடகு வைக்க எண்ணியிருந்தார். "தங்கத்தைவிடப் பொம்மை நல்ல முதலீடு, சார்" என்றார்.

ஒருவர் விற்று வருந்தியவர். மற்றவர் வாங்கி விற்கப் புறப்பட்டவர். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. எனினும் இருவர் கேள்வியும் ஒன்றையே சுட்டுகிறது: உற்பத்தி நின்றுபோன பொம்மையை வாங்கி, கூடுதல் விலைக்கு விற்று லாபம் காண்பது எந்த அளவுக்கு முறையானது?

நின்றுபோன பொம்மைக்கு விலை ஏறுவது ஏன்?

டீச்சர் வீட்டுச் சிப்பாய்கள் 'ஜி.ஐ. ஜோ' வகையைச் சேர்ந்தவை. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனத்துக்குச் சொந்தமான இந்தப் பொம்மைகளை, 1987ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஃபன்ஸ்கூல் நிறுவனம் நம் நாட்டில் தயாரித்தது. சென்னையைச் சேர்ந்த எம்.ஆர்.எஃப். குழுமமும் ஹாஸ்ப்ரோவும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் அது. ஒரே அச்சில் வார்க்கப்பட்டாலும், இந்தியப் பொம்மைகள் பலவற்றின் நிறமும் பாகச் சேர்க்கையும் அமெரிக்கப் பொம்மைகளிலிருந்து வேறுபட்டிருந்தன. அக்காலத்தில் நம் குழந்தைகளுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. பின்னர் உற்பத்தி நின்றது. அந்த வேறுபாட்டையே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடத் தொடங்கினர்.

ஒரு பொருளின் உற்பத்தி நின்றால் அளிப்பு கூடாது. உடைந்தும் தொலைந்தும் குறையவே செய்யும். அதே நேரத்தில், அப்பொம்மையுடன் விளையாடிய தலைமுறை வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்குகிறது. இளமை நினைவை மீண்டும் கையில் எடுத்துப் பார்க்க விரும்புகிறது. அளிப்புக் குறைந்து தேவை பெருகினால் விலை ஏறும் என்பது பொருளியலின் முதற்பாடம். இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை.

ஆகவே, 'பத்து ரூபாய்ப் பொருளை ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறான்' என்ற ஒன்றை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டுவது பொருந்தாது. பொம்மை அரிசியோ மருந்தோ அன்று. அத்தியாவசியப் பொருட்கள் சட்டம், 1955, பதுக்கலைத் தடுப்பது மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாத பொருட்களுக்காகவே. சேகரிப்புப் பொம்மையை வாங்காமல் இருப்பதால் எவரும் பசித்திருக்கப் போவதில்லை.

மேலும், மறுவிற்பனை செய்பவர் ஒரு பணியையும் ஆற்றுகிறார். கரையான் அரிக்கவோ குப்பைக்குப் போகவோ இருந்த பொருளை அவர் மீட்கிறார். எந்த ஆண்டு, எந்த வரிசை, எந்த உறுப்பு குறைகிறது என்று அடையாளம் காண்கிறார், துடைத்துச் சீராக்குகிறார், அதை உண்மையில் விரும்பும் ஒருவரிடம் கொண்டு சேர்க்கிறார். பல பொருட்கள் விற்காமலே அவரிடம் தங்கிவிடும். இந்த உழைப்புக்கும் அறிவுக்கும் இழப்பு அச்சத்துக்கும் கிடைக்கும் கூலியே லாபம். அவ்வளவில் அது நேர்மையான வணிகமே. சிக்கல், அந்த லாபம் எந்த வழியில் வந்தது என்பதில் இருக்கிறது.

அறியாதவரிடம் வாங்குவது

டீச்சரின் கேள்விக்குச் சட்டம் தரும் விடையை முதலில் காண்போம். வணிகவியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கும் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. விலை குறைவாக இருந்தது என்ற காரணத்தால் மட்டும், மனமொப்பிச் செய்த ஒப்பந்தம் செல்லாததாகாது என்கிறது 25ஆம் பிரிவின் விளக்கம். பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது 17ஆம் பிரிவின் விளக்கம். வாங்கியவர் ஒன்றும் சொல்லாமல் ஐந்நூறு ரூபாய் கொடுத்தார், விற்றவர் பெற்றுக்கொண்டார். அந்த விற்பனை செல்லும்.

ஆனால் நிகழ்ச்சி சற்றே மாறியிருந்தால் விடையும் மாறும். "இதற்கு வெளியில் நல்ல விலை உண்டா?" என்று டீச்சர் கேட்டு, விலையை அறிந்திருந்த அவர் "இல்லை, வெறும் பிளாஸ்டிக்தான்" என்று பதில் சொல்லியிருந்தால், அது மௌனம் அன்று, தெரிந்தே கூறிய பொய். அவ்வாறு மோசடியால் பெறப்பட்ட இசைவை, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் இரத்து செய்யலாம் என்று 19ஆம் பிரிவு கூறுகிறது. நாம் இதை விளக்கியபோது டீச்சர் சற்று யோசித்து, "நான் ஒன்றும் கேட்கவில்லையே" என்றார்.

சட்டம் அங்கே நின்றுவிடுகிறது. அறம் அங்கே நிற்பதில்லை. சந்தையில் இரு வணிகர் பேரம் பேசும்போது, ஒவ்வொருவரும் தம் அறிவைத் தம்மிடமே வைத்துக்கொள்வது வழக்கம். இருவரும் விலை அறியும் ஆற்றல் உள்ளவர்கள். வீட்டுத் திண்ணையில் நிற்கும் மூதாட்டி அப்படிப்பட்ட வணிகர் அல்லர். பெட்டியில் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியும், விற்பவருக்குத் தெரியாது. அந்த இடைவெளி எவ்வளவு பெரிதோ, வாங்குபவரின் பொறுப்பும் அவ்வளவு பெரிது. தம் பொருளைப் போலவே பிறர் பொருளையும் பேணிச் செய்வதே வணிகம் என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வகுத்த நெறி, இத்தகைய இடத்துக்கே மிகப் பொருந்தும்.

அப்படியானால் முழு விலையையும் விற்பவருக்கே கொடுத்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. "இதில் ஒன்றிரண்டு பொம்மைகளுக்கு நல்ல விலை கிடைக்கலாம், உறுதியில்லை, விற்க மாதக்கணக்கில் ஆகும், நான் இவ்வளவு தருகிறேன்" என்று கூறினாலே போதும். விற்பவர் தெரிந்து முடிவெடுப்பார். அல்லது, விற்றபின் குறிப்பிட்ட விழுக்காட்டைத் தரகாக எடுத்துக்கொண்டு மீதியை உரியவருக்குத் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளலாம். இரு முறையிலும் வணிகருக்கு லாபம் உண்டு. அடுத்த முறை அதே தெருவில் தலைநிமிர்ந்து நடக்கவும் முடியும்.

பாலக்காட்டு அக்கிரகாரங்களில் நவராத்திரிக் கொலு வைக்கும் குடும்பங்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை தேவை. தலைமுறை தலைமுறையாக வரும் மரப்பாச்சியும் பழைய கொலுப் பொம்மைகளும் சில வீடுகளில் இன்றும் உள்ளன. நூறாண்டுகளுக்குக் குறையாத கைவினைப் பொருட்கள், பழம்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972-இன் வரம்புக்குள் வரும். அவற்றை வணிகமாக வாங்கி விற்க உரிமம் வேண்டும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வீட்டு வாசலுக்கு வந்து, 'வெளிநாட்டில் விற்றுத் தருகிறேன்' என்று கூறுபவரிடம் இத்தகைய பொம்மைகளை ஒப்படைக்கலாகாது.

கடை அலமாரியைக் காலி செய்வது

இரண்டாவது வழி இதனினும் வேறானது. உற்பத்தி இன்னும் நிற்கவில்லை. பொம்மை கடைக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அது குறைந்த எண்ணிக்கையில் வரும் வரிசை. மேட்டல் நிறுவனத்தின் 'ஹாட் வீல்ஸ்' சிறு கார்களில், 1995 முதல் சில கார்கள் அரிதானவையாகத் திட்டமிட்டே மற்றவற்றோடு கலந்து அனுப்பப்படுகின்றன. பெட்டி கடைக்கு வந்த அன்றே வந்து, அரிய கார்களை எல்லாம் பொறுக்கி எடுத்துச் சென்று, அன்று மாலையே இணையத்தில் பன்மடங்கு விலைக்கு விற்போர் உண்டு.

மறையூரில் வசிக்கும் ஒரு தந்தையை எண்ணிப் பார்ப்போம். மகனின் பிறந்தநாளுக்காக அவர் சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்குப் பேருந்தில் இறங்கி வருகிறார். கடை அலமாரியில் மகன் கேட்ட கார் இல்லை. அதே கார் இணையத்தில் ஐந்து மடங்கு விலையில் இருக்கிறது. இங்கே மறுவிற்பனையாளர் எதை மீட்டார்? எதைச் சீராக்கினார்? எவருக்குக் கொண்டு சேர்த்தார்? அலமாரியில் இருந்ததை மறைத்து, அதைத் தேடி வந்தவருக்கே கூடுதல் விலைக்குக் காட்டினார். முதலில் சொன்ன வணிகர் அருகிய பொருளைத் தேடிக் கொணர்கிறார்; இவர் கிடைக்கும் பொருளை அருகச் செய்கிறார். முன்னதில் லாபம் பணிக்குக் கூலி. பின்னதில் அது பிறர் வழியை மறித்துப் பெறும் சுங்கம்.

இதில் சட்டமும் குறுக்கிடுகிறது. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன் கீழ் வகுக்கப்பட்ட பொதியப்பட்ட பொருட்கள் விதிகள், 2011, உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் பொதியப்பட்ட பொருளை விற்கக் கூடாது என்கின்றன. சில்லறை வணிகர் மட்டுமன்றி 'வேறு எவரும்' என்று அவ்விதி விரிகிறது. எனவே, உறை பிரிக்காத புதுப் பொம்மையை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதையே தொழிலாகக் கொள்ள நினைப்போர், தொடங்கும் முன் தகுதியான சட்ட ஆலோசனை பெறுவது நன்று.

கடன் வாங்கிப் பொம்மை சேர்க்கலாமா?

இனிக் குமுளி இளைஞரின் கேள்வி. லெகோ பொம்மைத் தொகுதிகள் ஆண்டுக்குச் சராசரியாகப் பதினோரு விழுக்காடு அளவுக்கு விலை ஏறின என்று தாம் படித்த செய்தியை அவர் சுட்டினார். செய்தி பொய்யன்று. இரஷ்யாவின் உயர் பொருளியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1987 முதல் 2015 வரையிலான தொகுதிகளின் விலையை ஆராய்ந்து கண்ட முடிவு அது. ஆனால் அது சராசரி. அதே ஆய்வில் பன்மடங்கு ஏறிய தொகுதிகளும் உண்டு. விலை வீழ்ந்த தொகுதிகளும் உண்டு. எது ஏறும், எது வீழும் என்று முன்கூட்டியே அறிந்து வாங்குவது எளிதன்று.

மற்றொரு வரலாறும் நினைவில் வைக்கத் தக்கது. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் 'பீனி பேபீஸ்' என்னும் பஞ்சுப் பொம்மைகளின் மீது பெரும் மோகம் பரவியது. ஏறத்தாழ ஐந்து டாலருக்கு விற்ற பொம்மை அது. தயாரித்த 'டை' நிறுவனம் அவ்வப்போது சில பொம்மைகளுக்கு 'ஓய்வு' அறிவிக்கும். உடனே மறுவிற்பனை விலை ஏறும். பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு உதவும் என்று நம்பிப் பெட்டி பெட்டியாக வாங்கிச் சேர்த்த குடும்பங்கள் இருந்தன. 1999ஆம் ஆண்டு, அவ்வாண்டு இறுதியுடன் எல்லாப் பொம்மைகளும் நிற்கும் என்று நிறுவனம் அறிவித்தது. பின்னர் பொது வாக்கெடுப்பு நடத்தி, உற்பத்தியைத் தொடர்ந்தது. மோகம் தணிந்ததும் விலை சரிந்தது. பெட்டிகள் பரணுக்குப் போயின. அனைவரும் சேர்த்து வைத்த பொருள் எப்படி அரிதாகும் என்ற எளிய கேள்வியைப் பலர் கேட்கத் தவறியிருந்தனர்.

டீச்சர் வீட்டுச் சிப்பாய்க்கு விலை வந்ததன் காரணம், எவரும் அதை முதலீடாகக் கருதிப் பாதுகாக்காததே. குழந்தைகள் விளையாடினார்கள், உடைத்தார்கள், தொலைத்தார்கள். எஞ்சியது அரிதாயிற்று. விற்பதற்கென்றே ஆயிரக்கணக்கானோர் உறை பிரிக்காமல் வைத்திருக்கும் பொம்மைக்கு இவ்விதி பொருந்தாது.

இளைஞரிடம் நாம் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினோம். நகைக்கடனுக்கு மாதந்தோறும் வட்டி ஏறும். பொம்மை வட்டி ஈட்டாது. இடுக்கியின் மழைக்கால ஈரத்தில் அட்டை உறை பூஞ்சை பிடித்தால், உள்ளே பொம்மை புதிதாக இருந்தாலும் விலை பாதியாகும். இணைய விற்பனைத் தளத்தின் கட்டணம், அஞ்சல் செலவு, திரும்பி வரும் பொருட்கள் ஆகியவை தனி. விலை ஏறினாலும், கடனுக்கான தவணை நாளில் வாங்குபவர் கிடைக்க வேண்டும். தங்கத்தை எந்த ஊரிலும் அன்றே பணமாக்கலாம். பொம்மையை அப்படி ஆக்க முடியாது. கூடுதலாக ஓர் அறச்சிக்கலும் உண்டு. தவணை நெருங்கும்போது, பழுதை மறைத்து விற்கவும், அறியாதவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கவும் மனம் துணியும். கடனின் நெருக்கடி நேர்மையை முதலில் தின்னும்.

அவர் நகையை அடகு வைக்கவில்லை. தம் சம்பளத்தில் மிச்சப்படும் சிறு தொகையில் பழைய பொம்மைகளை மட்டும் வாங்கிப் பழகிப் பார்ப்பதாகக் கூறிச் சென்றார்.

விற்பவரும் வாங்குபவரும் கவனிக்க

விற்பவர் முதலில் பொம்மையின் அடிப்புறத்திலோ முதுகிலோ பொறித்துள்ள நிறுவனப் பெயரையும் ஆண்டையும் பார்க்க வேண்டும். இணையத்தில் ஒருவர் 'கேட்கும்' விலை சந்தை விலை அன்று. உண்மையில் 'விற்று முடிந்த' விலையே சான்று. ஒருவரிடம் மட்டும் கேட்காமல் இருவரிடம் கேட்பது நலம். ஏன் வாங்குகிறார், எங்கே விற்பார் என்று வாங்குபவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அக்கேள்விக்குக் கிடைக்கும் பதிலே பிறகு உங்கள் சான்றாகும்.

பணம் பெறும்போது யுபிஐ ரகசிய எண் தேவைப்படாது. 'பணம் அனுப்புகிறேன், எண்ணை அழுத்துங்கள்' என்று எவரேனும் கூறினால், அது உங்கள் பணத்தை எடுப்பதற்கான வழியே. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் அளிப்பதுடன், வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

வாங்கி விற்பவர், மாற்றிய உறுப்பை மாற்றியது என்றும், மீண்டும் ஒட்டிய உறையை ஒட்டியது என்றும் விளம்பரத்திலேயே எழுத வேண்டும். போலியை அசல் என்று விற்பது ஏமாற்றே. ஏமாற்றப்பட்டவர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதற்கு முந்தைய பொம்மைகள் அச்சோதனைக்கு உட்படாதவை. பழைய வண்ணப்பூச்சில் ஈயமும் இருக்கலாம். எனவே பழைய பொம்மையைச் சேகரிப்புக்கு என்று சொல்லி விற்க வேண்டும். கைக்குழந்தை விளையாட ஏற்றது என்று கூறி விற்கலாகாது.

வரியையும் மறக்க வேண்டாம். தம் வீட்டில் பயன்படுத்திய பொம்மையை எப்போதோ ஒருமுறை விற்பது வேறு. லாப நோக்கில் தொடர்ந்து வாங்கி விற்பது வேறு. பின்னது தொழில் வருமானம். அதற்குக் கணக்கு எழுத வேண்டும். தனி வங்கிக் கணக்கு ஒன்றை அதற்கென வைத்துக்கொண்டால் உங்களுக்கும் தெளிவு, துறைக்கும் தெளிவு.

எல்லாவற்றையும் சுருக்கினால் ஒரு சோதனையே எஞ்சும். இப்பொருளை எந்த விலைக்கு வாங்கினேன் என்று அடுத்து வாங்குபவரிடமும், எந்த விலைக்கு விற்கப் போகிறேன் என்று முதலில் விற்றவரிடமும் முகம் பார்த்துக் கூற முடியுமா? கூற வேண்டிய கட்டாயமில்லை. கூற முடியுமா என்பதே கேள்வி. முடியுமானால் அந்த லாபம் பன்மடங்காயினும் குறையில்லை.

டீச்சர் அண்மையில் மீண்டும் கிளைக்கு வந்திருந்தார். ஐந்நூறு ரூபாயைப் பற்றி அவருக்கு இப்போது வருத்தமில்லை. "பணம் போனது போகட்டும். மகனுடைய பொம்மை அது. விலை இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒன்றையாவது எடுத்து வைத்திருப்பேன்" என்றார். மச்சில் இன்னும் ஒரு பெட்டி இருக்கிறதாம். அடுத்த விடுமுறைக்கு மகன் வந்தபின் இருவரும் சேர்ந்து அதைத் திறப்பதாகச் சொன்னார்.